ஊதாவை மறை... ஜெராடோவைத் தேடு!

போன் அலறியது.

எடுத்தால், அதைவிடப் பெரிய அலறல்!

"என் புள்ளையைக் காணோம்!"

இன்ஸ்பெக்டர் நுன்சியா ரிசீவரைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்தாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக அவளுக்கு விடுமுறை இல்லை. இன்று ஐந்தாவது. காபி கூட இன்னும் ஆறவில்லை.

"பேரு சொல்லுங்கம்மா."

"ஜெராடோ!"

"எந்த ஜெராடோ?"

"நேபிள்ஸ்ல உக்காந்துக்கிட்டு எந்த ஜெராடோன்னு கேக்கறீங்களே... நீங்க போலீஸா, இல்ல ஊர் சுத்திப் பாக்க வந்தவங்களா?"

நுன்சியா எழுந்து நின்றுவிட்டாள்.

அந்த ஜெராடோ!

வயது பதின்மூன்று. மூன்று வாரமாக நகரத்தின் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் அவனுடைய 'உப்புக்காற்று' பாட்டுத்தான் கொட்டிக்கொண்டிருந்தது. போன வருடம் வரை தங்கை மிலேனாவோடு ஜோடி சேர்ந்து கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்த பையன். தயாரிப்பாளர் எட்டோரே வந்தார். பையன் மட்டும் போதும் என்றார். தங்கையைக் கழற்றிவிட்டு அண்ணனை மட்டும் வைத்துத் தனி இசைத்தட்டு போட்டார். அது முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

இன்று மாலை ஏழு மணிக்குத் துறைமுகச் சதுக்கத்தில் அவனுடைய முதல் தனி மேடை. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு!

"தொம்மாசோ! ஜீப்பை எடு!"

கான்ஸ்டபிள் தொம்மாசோ ஓடி வந்தான். "மேடம்... பையன் கையெழுத்துக் கிடைக்குமா? என் பொண்டாட்டி..."

"முதல்ல பையன் கிடைக்கட்டும்டா!"

நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வந்த நுன்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள் ஜெராடோவின் அம்மா கொன்சேத்தா.

"ஏழு மணிக்கு எழுப்பப் போனேன். படுக்கை காலி, இன்ஸ்பெக்டரம்மா! பாலும் ரொட்டியும் வாங்க விடியக்காலம் வெளியே போன மிலேனாகூட அவனைப் பாக்கலையாம்!"

பால்கனிக் கதவோரம் நின்றிருந்தாள் மிலேனா. பதினொரு வயது. ஒல்லி. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஏதாவது சொன்னானாம்மா உன் அண்ணன்?"

"அவன் யார்கிட்டயும் பேசறதில்லையே... எழுதித்தான் காட்டுவான்."

"ஏன்?"

அழுகைக்கு நடுவிலும் கொன்சேத்தாவுக்குப் பெருமை வந்தது. "ஜனவரியிலேருந்து தொண்டைக்கு ஓய்வும்மா. எட்டோரே சார் உத்தரவு. பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கணும். வீட்ல உப்புக்குக்கூட நோட்டுலதான் எழுதிக் கேப்பான்."

அந்த எட்டோரே சாரே அப்போது உள்ளே நுழைந்தார். வெள்ளை கோட்டு, நரைத்த மீசை, நெற்றியெல்லாம் வேர்வை.

"நிகழ்ச்சி ரத்து கிடையாது! அதை முதல்ல சொல்லிடறேன்!"

"பையன் உயிரோட இருக்கானான்னு முதல்ல கேக்க மாட்டீங்களா சார்?" என்றாள் நுன்சியா.

"அ... அதுவும்தான்!"

டிங்!

கொன்சேத்தாவின் செல்போன். ஒரு வீடியோ வந்திருந்தது. ஜெராடோவின் போனிலிருந்தே!

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

நாற்காலியில் ஜெராடோ! கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வாயில் பிளாஸ்திரி. மடியில் ஒரு அட்டை... 'மாலை நிகழ்ச்சியை ரத்து செய். செய்யாவிட்டால் ஜெராடோவின் குரலை இனி ஒருவரும் கேட்க முடியாது!'

"ஐயோ... மாதாவே!" கொன்சேத்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நுன்சியா வீடியோவைப் பார்க்கவில்லை. எட்டோரேயைப் பார்த்தாள்.

அவருடைய வலது கை தொடையோரம் இறங்கியிருந்தது. நடு விரல்கள் இரண்டும் மடங்கி, ஓர விரல்கள் கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணேறு கழிக்கும் கொம்பு!

அது ஏன்? கட்டிப்போட்ட பிள்ளையைப் பார்த்தால் சிலுவை போடுவார்கள். கொம்பு எதற்கு?

"நா... நான் மேடை வேலையைக் கவனிக்கணும்!" எட்டோரே படியிறங்கி ஓடினார்.

"நானும் கடைக்குப் போய் அம்மாவுக்கு எலுமிச்சை வாங்கிட்டு வரேன்," என்று மிலேனாவும் நழுவினாள்.

அதன் பிறகு நான்கு மணி நேரம் நுன்சியாவின் பொறுமையை ஊரே சேர்ந்து தின்றது.

ஜெராடோவின் போன் அணைந்து கிடந்தது. ஸ்டேஷன் போன் அணையவே இல்லை. பையன் கிணற்றில் இருப்பதாகக் கனவு கண்ட கிழவர் ஒருவர். கப்பலில் பார்த்ததாகச் சத்தியம் செய்த மீன்காரி ஒருத்தி. காணாமல் போன பிள்ளைக்கு லாட்டரியில் எந்த நம்பர் கட்டலாம் என்று கேட்டவர்கள் மட்டும் முப்பது பேர்! மேலதிகாரி கூப்பிட்டார். அவர் மனைவி கூப்பிட்டாள்... முன்வரிசையில் இரண்டு நாற்காலி கிடைக்குமா என்று!

நுன்சியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுபடியும் கொன்சேத்தாவின் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். மணி இரண்டு. ஏழுக்கு இன்னும் ஐந்தே மணி நேரம். ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடுகிறது, இவர்களுக்கு நம்பரும் நாற்காலியும்!

"அந்தக் கழுதை நம்பரை நீயும் கட்டியிருக்கியா தொம்மாசோ?"

தொம்மாசோ தலையைக் குனிந்துகொண்டான். "சின்னத் தொகைதான் மேடம்..."

"சீட்டைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீடியோவைப் போடு. கடைசித் தடவை!"

பதினெட்டாவது முறையாக ஓடியது. இந்தத் தடவை ஜெராடோவை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு நாலைந்து உருவங்கள். மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. இடது ஓரத்தில் வெள்ளை லேசாக வழுக்கி...

"நிறுத்து! பெரிசாக்கு! வெள்ளைக்கு அடியில என்ன கலர்?"

"ஊதா மேடம். ரெண்டு துணி போட்டு மூடியிருக்கான். குளிருதோ என்னவோ."

"அலமாரியில பாரு. அடுக்கி வச்ச துணி மேல நியூஸ்பேப்பரை ஒட்டியிருக்கு. அந்தப் பேப்பர் இடுக்குல?"

"அதுவும் ஊதா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொன்சேத்தா சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். "அதை மறைங்கம்மா! மேடையேறப் போற நாள்ல மேடைக்காரன் கண்ணுல ஊதா படவே கூடாது! தவக்காலத்துக் கலரு... அந்தக் காலத்துல நாடகக் கொட்டகையை இழுத்து மூடி நடிகருங்களைப் பட்டினி போட்ட கலரு! பட்டா குரல் போயிடும்!"

நுன்சியாவின் மண்டைக்குள் பல்பு எரிந்தது.

எட்டோரேயின் கொம்பு இதற்குத்தானா!

"தொம்மாசோ... புள்ளையைக் கடத்தற ரவுடிக்கு ஊதாவைக் கண்டா என்னடா பயம்?"

"ஒண்ணும் இல்லையே மேடம்."

"அப்புறம் ஏன் வேலை மெனக்கெட்டு ஒவ்வொண்ணா மறைச்சான்? இதை எடுத்தது ரவுடி இல்ல. மேடை ஏறுறவங்க!"

"அப்ப எட்டோரே...?"

"அவர் வீடியோவைப் பாத்து மிரண்டாரே, எடுத்தவர் ஏன் மிரளணும்? ஆனா இடத்தை அவரும் கண்டுபிடிச்சிருப்பார். கொன்சேத்தா! இத்தனை ஊதாத் துணி ஒரே இடத்துல எங்கே இருக்கும்?"

"பங்குக் கோயில் பின்கட்டுலம்மா. புனித வாரத்துல சாமி சிலைங்களை மூடறதுக்கு... ஈஸ்டர் முடிஞ்சதும் நான்தான் துவைச்சு, பின்கட்டுல கிடக்கற சிலைங்களுக்குப் போர்த்தினது போக மீதியை அடுக்கினேன். சாவிகூட என்கிட்டதான்..."

கொன்சேத்தா சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தாள்.

ஆணி மட்டும்தான் இருந்தது. எலுமிச்சை வாங்கப் போன மிலேனாவும் இன்னும் திரும்பவில்லை!

கோயில் பின்கட்டின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டோரேயின் குரல்!

"நாலு மணி நேரமா அஞ்சு கோயில் ஏறி இறங்கி உன்னைப் புடிச்சிருக்கேன்டா! மேடைக்கு வா! வாயை மட்டும் அசை! மத்ததை நான் பாத்துக்கறேன்!"

"விடுங்க மாமா! அவனுக்கு மூச்சு முட்டுது!" மிலேனாவின் குரல்.

நுன்சியா கதவை உதைத்தாள்.

சுவரோடு சுவராக ஜெராடோ. அவன் கழுத்தில் எட்டோரேயின் இரண்டு கைகள்! அவர் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள் மிலேனா. கீழே எலுமிச்சம்பழங்கள் உருண்டு கிடந்தன.

"கையை எடுய்யா!"

தொம்மாசோ பாய்ந்தான். இரண்டே நொடியில் எட்டோரேயின் கைகளில் விலங்கு ஏறியது.

"இன்ஸ்பெக்டர்! நான் பையனைக் காப்பாத்த வந்தேன்!"

"கழுத்தைப் பிடிச்சா? வெளியே தள்ளிட்டுப் போ தொம்மாசோ!"

நுன்சியா ஜெராடோவின் பக்கம் குனிந்தாள். "உன்னைக் கட்டிப்போட்டது யாருப்பா?"

ஜெராடோ வாயைத் திறந்தான்.

"நானேதான்... கட்டிக்கிட்டேன்."

நுன்சியா திடுக்கிட்டாள். பாதி வார்த்தை பாதாளத்தில் இறங்கியது, மீதி கீச்சென்று கூரைக்கு ஏறியது. உப்புக்காற்று பாடிய குரலா இது!

"குரல் உடைஞ்சிருச்சா?"

தலையாட்டினான். கண்ணில் நீர் முட்டியது.

"அதான் ரத்து பண்ணச் சொன்னேன். டி.வி.க்காரங்க நேரடியாப் பாடணும்னுட்டாங்க. மாமா எப்படியோ திருட்டுத்தனமா டேப்பை ஓட்டிக்கிறேன், வாயை அசைன்னார். என்னால முடியல மேடம்! வெறுத்துப்போச்சு! அஞ்சு வயசுலேருந்து பாடு, பாடுன்னாங்க. இப்ப பேசாதே, பேசாதேங்கறாங்க! தெருவுல எல்லாரும் கட்டிப் புடிக்கறாங்க... எனக்கு அப்படியே ஓடிடலாம் போல இருக்கு!"

"இதுல வெட்கப்பட என்னப்பா இருக்கு? எல்லாப் பசங்களுக்கும் உடையறதுதான். எப்போ உடைஞ்சது?"

"ஜனவரியில."

"இசைத்தட்டு எப்போ பதிவாச்சு?"



ஜெராடோ தரையைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"பிப்ரவரியில," என்றாள் மிலேனா.

நுன்சியா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ... பாடினது?"

மிலேனா வாயைத் திறந்தாள். பாடினாள்.

உப்புக்காற்றின் முதல் வரி. இசை இல்லை, மைக் இல்லை. நேபிள்ஸ் முழுக்க மூன்று வாரமாகக் காதலித்த அதே குரல்! நுன்சியாவின் கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன.

"அம்மாவை ஸ்டுடியோவுக்குள்ளே விடல," என்றாள் மிலேனா. "மாமா என்னைப் பாட வச்சார். கவர்ல அண்ணன் போட்டோ. வெளியே சொன்னா அண்ணனை ஊரே காறித் துப்பும்னு மிரட்டினார். எனக்கு மூஞ்சி சரியில்லையாம் மேடம்... குரல் மட்டும் நல்லா இருக்காம்! எதிர்வீட்டு அக்கா என் பாட்டையே போட்டுக்காட்டி, 'அண்ணன் மாதிரி பாடக் கத்துக்கடி'ங்கறா. என்ன பண்றது சொல்லுங்க? தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுவேன்!"

"வீடியோ எடுத்தது?"

"நான்தான். பால் வாங்கப் போறப்ப எடுத்தேன். அண்ணனை இங்கேயே விட்டுட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்; வீடியோவை அவன்தான் இங்கேருந்து மணி பாத்து அனுப்பினான். அவனுக்கு அம்மாவைப் பாத்தா தைரியம் போயிடும்."

"ஊதாவை மறைச்சது?"

"நான்தான். எனக்கும் ஒரு நாள் மேடை கிடைக்கும்னு நினைச்சேனே... குரல் போயிட்டா?"

நுன்சியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். போலீஸை அலைக்கழித்த குற்றவாளிகள் இரண்டு பேர். ஒருத்தன் பதின்மூன்று, ஒருத்தி பதினொன்று. பதினாலு வயதுக்குக் கீழே இந்த நாட்டில் வழக்கே போட முடியாது. ஐந்தாவது ஞாயிறும் போய், கைக்குக் கிடைத்தது இரண்டு சுண்டைக்காய்கள்!

"உங்கம்மா அங்கே செத்துப் பிழைச்சுக்கிட்டிருக்கா, தெரியுமா? உங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளத்தான் ஆசை. சட்டம் விடல. அதனால..."

மணியைப் பார்த்தாள்.

"மேடைக்குப் போங்க! ரெண்டு பேரும்!"

மாலை ஏழு. சதுக்கத்தில் தலைகள்... தலைகள்!

ஜெராடோ மேடையேறியதும் கடல் அலறுவதுபோல் ஒரு கூச்சல். கடத்தப்பட்ட பிள்ளை திரும்பி வந்துவிட்டான்! கொன்சேத்தா மேடையோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மைக்கைப் பிடித்தான்.

"நீங்க... கேட்டது... என் குரல் இல்ல!"

கீச்சும் கரகரப்பும் ஒலிபெருக்கியில் பரவின. எங்கிருந்தோ ஒரு விசில். ஒரு தக்காளி பறந்து வந்து அவன் சட்டையில் வெடித்தது.

ஜெராடோ துடைக்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுத்து மைக் முன்னால் நிறுத்தினான்.

"இவளுது!"

மிலேனா கண்ணை மூடிக்கொண்டாள். பாடினாள்.

முதல் வரி... இரண்டாம் வரி... மூன்றாம் வரியில் ஒரு பால்கனிக் கிழவி, "மாதாவே, அதே குரல்!" என்று கத்தினாள். அவ்வளவுதான்! சதுக்கமே சேர்ந்து பாடியது. தக்காளி வீசியவன்தான் எல்லோரையும்விட உரக்க அழுதான்.

நுன்சியா மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஜெராடோ மேடையோரத்தில் தக்காளிச் சட்டையோடு கைதட்டிக்கொண்டிருந்தான். நான்கு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான், கீச்சென்று.

கோயிலிலேயே வாக்குமூலம் எழுதி முடித்து, எட்டோரேயை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிய ஜீப் இந்தக் கூட்டத்தில் முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. மிலேனா மேடையை விட்டு இறங்கியதும், ஜீப் ஜன்னல் வழியாக ஒரு நரைத்த மீசை வெளியே நீண்டது.

"மிலேனா! கண்ணு! தங்கம்! தனி இசைத்தட்டு... கவர் முழுக்க உன் மூஞ்சி மட்டும்! வேற எவன்கிட்டயும் போயிடாதே! ஒப்பந்தம் பைலயே வச்சிருக்கேன். இப்பவே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்!"

மிலேனா நின்றாள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். அவருடைய மடியில் மின்னிக்கொண்டிருந்த விலங்கை நிதானமாகப் பார்த்தாள்.

"போடலாம் மாமா... முதல்ல நீங்க போடுங்க, பாப்போம்!"