படித்துறையில் நிற்பவள்

"அக்கா, இத்தனை பேரு சாகப் போறாங்களே, இதுல ஒருத்திகூட என் ஜாடையில இல்லையா?"

தங்கை இப்படிக் கேட்டது போன மாதம். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தேநீரில் நனைத்த பிஸ்கட் ஒடிந்து விழுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். வெளியே கிளம்பினால் வாசலில் ஒரு தரம், கேட்டில் ஒரு தரம், தெருவில் இறங்கி இன்னொரு தரம் 'போய்ட்டு வரேன்' என்று கத்தாமல் போகமாட்டாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இருவர்தான். தங்கை பேசுவாள். அக்கா கேட்டுக்கொண்டே வேலை செய்வாள்.

முன்னறையை முழுதாக அடைத்துக்கொண்டு கிடந்தது அந்த மேஜை. அந்தக் காலத்தில் கரை உடைந்து மூழ்கிப்போன ஆற்றோர ஊர் ஒன்றை அருங்காட்சியகத்துக்காகச் சின்ன அளவில் செய்துகொண்டிருந்தாள் அக்கா. கடைத்தெரு, கவிழ்ந்த வண்டிகள், கூரைமேல் ஏறியவர்கள், படித்துறையில் படகுக்காக முண்டியடிக்கும் கூட்டம். படித்துறையில் நின்றவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று அருங்காட்சியகத்துக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பொம்மையும் விரல் உயரம். தலைகள் வழவழப்பான வெறும் உருண்டைகள். கண்ணும் மூக்கும் வாயும் தூரிகை நுனியில்தான் பிறக்க வேண்டும். யாரையும் அவள் அப்படியே வரைந்ததில்லை. ஒருவர் மூக்கு, இன்னொருவர் தாடை என்று கலந்துதான் போடுவாள். உயிரோடு இருக்கும் ஒரு முகத்தை முழுசாக எடுத்து வைத்தால், கூட்டத்தில் அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் வாயாடி ஆசையாகக் கேட்டுவிட்டாள். கடைசிப் படியில் நின்ற பெண்ணுக்கு அவள் முகத்தையே வைத்தாள் அக்கா. இடது புருவத்தில் இருந்த தழும்பைக்கூட விடவில்லை.

வெள்ளத்துக்கு ரெசின். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் ஒரே நாளில் கண்ணாடிபோல இறுகிவிடும். இறுகிய பிறகு உள்ளே இருப்பதை யாரும் பெயர்த்தெடுக்க முடியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். முதல் தடவை அவள் ஊற்றியது கடைசிப் படியில் நிற்பவர்களின் கணுக்கால்வரை.

மறுநாள் அது முழங்காலில் நின்றது.

அளவு தப்பியிருக்கும் என்று நினைத்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். கல். ஆனால் ரெசினின் காரமான வாடை இல்லை. குனிந்தபோது மூக்கில் ஏறியது சேற்று நாற்றம், வெயில் படாத ஆற்றடிச் சேற்றின் நாற்றம். அதோடு, காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கும் ஒரு சளசளப்பு. வெளியே பெய்யும் மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என் கால் ஏன்க்கா இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றாள் தங்கை, அடுப்படியிலிருந்து. "ரெண்டு சாக்ஸ் போட்டுட்டேன். ஆஸ்பத்திரில பொணத்தோட கால மாத்தி மாட்டிவிட்டாங்களா என்ன?"

"நீ எப்ப ஆஸ்பத்திரிக்குப் போன?"

"அதானே! போகாமலே மாட்டிட்டாங்க பாரு!"

சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. தங்கை முழங்காலுக்குக் கீழேதான் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. தங்கை படுக்கையை விட்டு எழவில்லை. டாக்டர் வந்து, ரத்தம் ஓடுகிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, ஓய்வுதான் வேண்டும் என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா மேஜைக்குப் போனாள். படித்துறையில் மற்ற எல்லாரும் ஊரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், அவள் வரைந்தபடியே. கடைசிப் படியில் இருந்தவள் மட்டும் தலையைத் திருப்பி அவளையே பார்த்தாள்.

மேஜை செய்து கொடுத்த தச்சருக்கு போன் போட்டாள்.

"ரெசின் தானா ஏறுதாம்மா? பால்னு நெனச்சியா, பொங்குறதுக்கு?" என்றார் அவர். "பூதக்கண்ணாடிக்குள்ளயே குடித்தனம் பண்ணா இப்படித்தான். போய்ப் படும்மா."

உளியை எடுத்தாள். பொம்மையின் இடுப்பை ஒட்டி மெல்ல ஒரு தட்டு. இறுகிய ரெசினில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது.

"அக்கா! இடுப்பு! அக்கா, யாரோ இடுப்பைப் பிளக்கறாங்க!"

உளி கையிலிருந்து விழுந்தது.

அதன் பிறகு அவள் மேஜைக்கும் படுக்கைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கம்பளியை மாற்றினாள், வெந்நீர்ப் பை வைத்தாள், தங்கையின் கையைப் பிடித்து ஊதினாள். உள்ளங்கை ஊறிச் சுருங்கியிருந்தது, ரொம்ப நேரம் துணி துவைத்தவள் கைபோல. மாலை வெளிச்சம் மங்க மங்கத் தண்ணீர் மார்புக்கு வந்தது. பிறகு தோளுக்கு. அது ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கண் இமைத்தால் போதும், ஏறியிருக்கும். அதனால் இமைக்காமல் பார்த்தாள். கண்கள் எரிந்து வழிந்தன.

"பேசிக்கிட்டே இரு," என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினாள். வாழ்நாளில் அவள் அப்படிக் கத்தியதில்லை.

"பாருடா... எங்கக்காவா இது... பேசச் சொல்றா..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் தொண்டையில் தண்ணீர் கொப்பளித்தது. "நான் நல்லா ஆனதும்... இதை வச்சே... உன்னை ஓட்டறேன் பாரு..."

கழுத்து.

முகம்தானே. அந்த முகம்தானே அவளை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. அங்கே நிற்பது தங்கையாக இல்லாமல் போனால்? தானாக இருந்தால்? கைக்கண்ணாடியை எடுத்து விளக்கின் கீழ் சாய்த்து வைத்தாள். தன் முகத்தை அவள் வரைந்ததே இல்லை. வரைந்துவிடலாம். குறுகிய நெற்றி, கீழே பார்க்கும் கண்கள், ஒட்டியே இருக்கும் உதடுகள். சின்ன வேலை. கை நடுங்காமல் இருந்தால் போதும்.

தண்ணீர் தாடையைத் தொட்டது.

வர்ணத்தைக் குழைத்தாள். தூரிகையை நனைத்து வைத்தாள். பழைய முகத்தின்மேல் புது முகம் ஒட்டாது. முதலில் பழையதைத் துடைக்க வேண்டும். எத்தனையோ வருஷமாகச் செய்த வேலை, கை யோசிக்கவில்லை. வர்ணம் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்தாள். ஒரே இழுப்பு. புருவம், தழும்பு, கண், மூக்கு, வாய் எல்லாம் பஞ்சில் கறையாக வந்துவிட்டன.

"அக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

குரல் நின்றுவிட்டது.

மேஜையில் தண்ணீர் இறங்கியது. தாடையை விட்டு, தோளை விட்டு, மார்பை விட்டு. படிகள் ஒவ்வொன்றாக ஈரத்தோடு வெளியே வந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வாயாடி! இறங்கிடுச்சுடி! வாயாடி?"

கட்டில் கிரீச்சிட்டது. தரையில் கால்கள் ஊன்றின. ஈரக் கால்கள். நல்ல, திடமான நடை. உள்ளறையிலிருந்து கூடத்துக்கு. கூடத்திலிருந்து முன்னறைக்கு.

தின்னர் வாடை முதலில் வந்தது.

தங்கை நிலைப்படியில் நின்றாள். அவள் நைட்டி. அவள் கூந்தல். நடுவே, கூந்தலின் ஓரத்திலிருந்து தாடைவரை, வழவழவென்று ஒரே தோல்.

அது அக்கா பக்கம் திரும்பியது. ஒரு கை மேலே போய், வாய் இருந்த இடத்தைத் தடவியது. அழுத்தித் தடவியது. நகத்தால் கீறியது. தோலுக்கு உள்ளே ஏதோ அசைந்தது, பேசுவதைப்போல.

அக்கா தூரிகையை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். வரைந்துவிடலாம். தழும்பு எந்தப் புருவத்தில்? இடது. இடதுதான். முதலில் வாய். வாயை மட்டுமாவது.

கடைசிப் படி காலியாக இருந்தது. பொம்மை இல்லை. ரெசினில் இரண்டு பாதங்களின் குழி மட்டும்.

பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"போகாதடி!"

வாசலில் அவள் நின்றாள், எப்போதும் நிற்கும் இடத்தில். திரும்பினாள். பிறகு நடந்தாள். கேட்டில் நின்றாள். மழைநீர் எதிலும் தடுக்காமல், எங்கும் தேங்காமல் அந்தத் தோலின்மேல் நேராக வழிந்தது. தெருவில் இறங்கி, கடைசியாக ஒரு தரம் திரும்பி நின்றாள்.

பிறகு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.