சலித்தெடுத்த தூள்

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கச் சற்று முன்பு, கதிர்வீச்சுப் பொருள் எதுவும் இல்லாத மேசையில் கதிரியக்கம் அளக்கும் குழாய் ஒன்று டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

"மோரிதானி சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் பரிசோதனை பார்க்கும் சிஹாரு. ஃபோர்மன் மோரிதானி இரண்டடி பின்னால் போனார். சத்தம் நின்றது. முன்னால் வந்தார். மறுபடி அடித்தது.

"உங்களைக் கண்டா மட்டும் கத்துதே! காலையில யுரேனியமா சாப்ட்டீங்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரியக்கம் அளக்கும் குழாய்களில் மின்சாரம் கசியாமலிருக்க, பீங்கான் தூளை உருக்கிப் பீச்சிப் பூச்சு ஏற்றுவதுதான் ஜப்பானின் இபராக்கி கடலோரத்து அந்தப் பட்டறையின் பிழைப்பு. பூச்சு அறையின் கதவைத் திறந்தால், தூளை உருக்கிப் பீச்சும் துப்பாக்கி தானாக அணைய வேண்டும். வேலை தாமதமாகிறதென்று அந்த ஏற்பாட்டைப் பிடுங்கி வைத்தவர் மோரிதானி. போன வாரம், கீழே விழுந்த குழாயை எடுக்க உள்ளே போன தொழிலாளி குவாபராவின் முகத்துக்கு நேராகத் துப்பாக்கி திரும்பியது. அங்கேயே கருகிச் செத்தான். பிடுங்கியது குவாபராதான் என்று அவன் மனைவியிடமே கூசாமல் சொன்னார் மனுஷன். அவன் கருகலோடு கலந்து தரையில் சிதறிய தூளையும் விடவில்லை. யாரும் பார்க்குமுன் சலித்து டப்பாவில் கொட்டினார். இந்தக் குழாய்களுக்கு ஏறியிருப்பது அந்தத் தூள்.

"பூச்சை உரிச்சிட்டு மறுபடி போட்டுடறேன். நீ போய்ச் சாப்பிடு."

"சூப் ஆறிடும், சீக்கிரம் வாங்க."

மணலைப் பீச்சிப் பூச்சை உரிக்கும் பெட்டி பின்கட்டில் இருந்தது. காற்றழுத்த இயந்திரம் உறுமியது. பழைய ரப்பரின் புழுங்கிய வாடையும், அதற்கு அடியில் கருகிய முடியின் நாற்றமும் அவர் தொண்டையில் ஏறி உட்கார்ந்தன. குழாயை உள்ளே வைத்து மூடினார். பெட்டியோடு பொருத்தியிருந்த நீளமான ரப்பர் உறைகளில் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டார்.

உறைக்குள் ஈரம். வெதுவெதுப்பு.

விரல்கள். அவருடையவை அல்ல. அவை அவர் விரல்களோடு கோத்துக்கொண்டு இறுக்கின.

இழுத்தார். வரவில்லை. மணலைத் திறந்துவிடும் மிதிக்கட்டை தானாக அமிழ்ந்தது. வலக்கை மணல் பீச்சும் குழலைத் தூக்கியது, இடக்கையை நோக்கித் திருப்பியது. ரப்பர் கிழிந்தது. தோல் போனது. சதை சிவப்புச் சேறாகப் பெட்டியின் பார்வைக் கண்ணாடியில் அடித்தது. மோரிதானிக்கு உயிர் போகிற பயம்.

"நான்தான்! நான்தான்டா பிடுங்கினேன்! குவாபரா, விட்டுடுடா!"

சாப்பாட்டு அறையில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

மணல் நிற்கவில்லை. கண்ணாடியின் உள்பக்கத்தில் வழிந்த ரத்தத்தை ஒரு வெள்ளைக் கை மெதுவாகத் துடைத்தது. துடைத்த இடத்தில் இமையில்லாத இரண்டு கண்கள். அவற்றுக்குக் கீழே அவருடைய இடக்கை, வெறும் எலும்பாக. அந்த எலும்பின் மேல் வழவழப்பாக, அடுக்கடுக்காக, வெள்ளைப் பூச்சு ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைத் தாண்டிவிட்டது.