வாலாக வந்தவன்

"வால் வந்தாச்சுன்னா எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம். கிளம்பலாமா?" என்றார் மேனேஜர்.

"இருங்க சார். இவரோட அப்பா எங்கே?"

கேட்டவள் கணக்குப் பிரிவில் இருப்பவள். வண்டிகள் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே, வீட்டாரையும் கூட்டிக்கொண்டு மலை நடைக்கு வந்திருந்த அலுவலகம் மொத்தமும் நின்று, ஷூவில் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்டதும் எல்லோரும் கடைசியாக வந்து நின்ற அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கதான் எங்கேயாவது இருப்பாரு. பாத்ரூம் போயிருப்பாரு," என்றான்.

சொல்லும்போதே பொய் நாக்கில் கசந்தது.

காட்டுப் பாதையில் கூட்டமாக நடக்கும்போது முதலில் போகிறவர் தலை, கடைசியில் வருகிறவர் வால். வால் யாரையும் முந்தக் கூடாது; தனக்கு முன்னால் நடப்பவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவருக்குப் பின்னால்தான் வர வேண்டும். மதியம் கிளம்பும்போது மேனேஜர் அவனை வாலாக நிறுத்தினார்.

"சின்ன வயசிலயும் இவன் சரியான வால்தான் சார்!" என்று அப்பா உடனே காடே அதிரக் கத்தினார். காது மந்தமானவருக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை. அதோடாவது விட்டாரா? பள்ளிக்கூடம் போகும் வயதிலும் மகன் படுக்கையை நனைத்த கதையைச் சொன்னார். கணக்குப் பிரிவுக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எல்லோர் காலிலும் நடைக்கான ஷூ இருக்க, அப்பா காலில் மட்டும் வீட்டில் போடும் ரப்பர் செருப்பு. கையில் துணிக்கடைப் பை. நடக்க நடக்கச் செருப்பு சரக், சரக் என்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் காது சூடேறியது.

பாதை ஓரிடத்தில் பிரிந்தது. நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வலப்பக்கம், சைக்கிள்களுக்கு இடப்பக்கம். மற்றவர்கள் எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றி உதறினார்.

"கல்லு குத்துதுப்பா."

"வலப்பக்கமாப் போய்க்கிட்டே இருங்க. நான் பின்னாடியே வர்றேன்," என்று அவர் காதருகே சொல்லிவிட்டு, அவன் சைக்கிள் தடத்தில் இறங்கி நடந்தான். அது குறுக்குவழி. அந்தச் செருப்புச் சத்தம் இல்லாமல் ஒரு தடவை, தனியாக, எல்லோர் முன்னாலும் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தான்.

இப்போது மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. 

பனிக்குள்ளிருந்து குளம்புச் சத்தம் வந்தது. குதிரையேற்றம் கற்றுத்தரும் பெண் ஒருத்தி, நுரை தள்ளிய பழுப்புக் குதிரையை இழுத்துப் பிடித்தபடி வந்து இறங்கினாள்.

"ரப்பர் செருப்போட ஒரு பெரியவரு வர்றாரே, உங்க ஆளா?"

"ஆமாங்க. தனியாவா வர்றாரு?" என்றாள் கணக்குப் பிரிவுக்காரி.

"தனியா எங்கே? பின்னாடியே ஒருத்தர் ஒட்டிக்கிட்டு வர்றாரே. குதிரை வந்தா வாய்விட்டுப் பேசுங்கன்னு போர்டுலயே எழுதியிருக்கு. மனுஷக் குரல் கேட்டாத்தான் அது அடங்கும். பெரியவரு அவர்பாட்டுக்குப் பேசிக்கிட்டு வந்தாரு, குதிரை சும்மா இருந்துச்சு. பின்னாடி இருந்தவரு பனியில சரியாத் தெரியலை. நீங்களும் பேசுங்கன்னேன். பேசினாரு."

"அப்புறம்?"

"குதிரை என்னைத் தூக்கி எறியப் பார்த்துச்சு."

"எவ்வளவு தூரத்துல வர்றாரு?" என்று அவன் கேட்டான்.

அவள் சட்டென்று அவனைப் பார்த்தாள். குதிரை காதுகளை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது.

"இந்தக் குரல்தான்," என்றாள். "நீங்க எப்படி இங்க...?"

யாரும் சிரிக்கவில்லை. கணக்குப் பிரிவுக்காரியின் பார்வை அவன் முகத்திலிருந்து ஷூவுக்கு இறங்கியது. அதில் மட்டும் சைக்கிள் தடத்தின் செம்மண். பாத்ரூம் பொய் அத்தனை பேர் முன்னாலும் அம்மணமாக நின்றது.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, குதிரை வந்த பாதையில் ஓடினான்.

பாதையில் ஈர இலையும் குதிரைச் சாணமும் மணத்தன. பறவைச் சத்தம் இல்லை. தண்ணீருக்கு அடியில் ஓடுவதைப்போல் இருந்தது.

சரக்.

சரக்.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் இனித்தது. நின்று மூச்சு வாங்கினான்.

செருப்புக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. புது ஷூவின் கீச்சொலி. அவன் ஷூவைப் போலவே.

அவன் நின்றுகொண்டிருந்தான். அது நடந்துகொண்டிருந்தது.

பனியை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். குழந்தையைக் கூட்டி வருகிறவர் மாதிரி வலது கையைப் பின்னால் நீட்டியிருந்தார். முழங்கைக்கு அப்பால் வெறும் வெண்மை. அவர் முகம் அழுது முடித்த முகம். ஆனால் அப்படி ஒரு வெளிச்சம் அதில் வந்து பல வருஷமாகிவிட்டது.

"அட, முன்னாடி எப்படிப்பா வந்தே?"

அவர் மெதுவாகப் பேசினார். அப்பா இவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

"காது மெஷினை மாட்டிக்கிட்டீங்களா?"

"அது பையில கிடக்கு. அது இல்லாமலே நீ பேசினதெல்லாம் எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு தெரியுமா!" இடது கையால் பையை நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "செருப்பைப் பார்த்து வெட்கப்பட்டேன், மன்னிச்சிருங்கப்பான்னியே. அதுக்கு எதுக்கு அப்படி ஒரு அழுகை? எனக்குத் தெரியாதா? கல்லும் குத்தலை ஒண்ணும் குத்தலை. நீ தனியாப் போகட்டும்னுதான் நின்னேன்."

அந்த வார்த்தைகள் அவனுடையவை. நெஞ்சில் எழுந்து வாய்க்கு வராமல் போனவை. வேறு எதுவோ அவற்றை எடுத்துப் பேசியிருக்கிறது. அவனைவிட நன்றாக.

அப்பாவின் புருவம் லேசாகச் சுருங்கியது.

"திரும்பிப் பார்க்காதீங்க, கால் இடறும்னு சொன்னே. நானும் பார்க்கலை. பேசினது நீதானேப்பா?"

இல்லை என்று சொன்னால் போதும். சொன்னால், விட்டுவிட்டுப் போனதையும் சொல்ல வேண்டும். அந்த முகத்தின் வெளிச்சத்தைத் தன் வாயாலேயே ஊதி அணைக்க வேண்டும்.

"நான்தான்பா," என்றான்.

அப்பாவுக்குப் பின்னால், பனிக்குள்ளே, யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள்.

அப்பா பையைப் பார்த்தார். அதை இறுக்கிப் பிடித்திருந்த மகனின் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு, பின்னால் நீண்டு பனியில் மறைந்திருந்த தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். அதை இழுத்தார். அது வரவில்லை.

பக்கத்தில் யாரோ கேட்டுவிட்டால் மகனுக்குச் சங்கடம் என்பதுபோல, இன்னும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்போ இந்தக் கையை விடச் சொல்லுப்பா. வலிக்குது."