அடைகாக்கும் பூரான்

பெட்டியின் மூடி கொக்கி போட்டபடியே இருந்தது. உள்ளே பூரானைத்தான் காணோம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவனுக்கு, மனைவி விட்டுப் போன பிறகு வீட்டில் துணை என்று இருந்தது அது ஒன்றுதான். பூரான் வளர்க்கிறவன் வீட்டுக்கு யார் வருவார்கள்? தங்கைகூட வாசலோடு சரி. போன வாரம் அது முட்டையிட்டது. குவியலைச் சுற்றி வளைந்து, அத்தனை கால்களாலும் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு முட்டையாக ஓயாமல் நக்கிக்கொண்டே கிடந்தது.

"முட்டையோட இருக்கறப்ப கிட்டயே போகாதீங்க சார். மிரண்டுச்சுன்னா தானே தின்னுடும்" என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவன் கேட்கவில்லை. ஓர் உயிரைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த அணைப்பைப் பார்க்கப் பார்க்க ஏக்கமாக இருந்தது. நேற்று விரலை நீட்டிவிட்டான். கண்ணெதிரே தின்று தீர்த்தது, ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். அலமாரிக்குப் பின்னால் ஈரமண் வாடை. கட்டிலுக்கடியில் அவனுடைய பெல்ட் கிடந்தது. இழுத்தால் கனமே இல்லை. நீளம் வந்துகொண்டே இருந்தது, இரண்டு ஓரமும் கால்கள். உரித்துப் போட்ட தோல். அவன் வளர்த்ததோ ஒரு சாண்தான்.

தங்கைக்குப் போன் போட்டான். "உங்கிட்ட சாவி இருக்குல்ல? வந்து என்னைக் கூட்டிட்டுப் போம்மா."

"வேலை முடிஞ்சதும் வர்றேண்ணா. என்ன குரலே சரியில்ல?"

வாசலில் போய் நிற்கலாம் என்றால், நடுவில் இன்னும் தேடாத சோபா கிடந்தது. கால்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் இருக்கும்போதே கண் அசந்துவிட்டது.

பிடரி ஈரமாக இருந்தது.

யாரோ நக்கினார்கள். பொறுமையாக. காதுமடல், கழுத்து, மறுபடி பிடரி. ஒரு கணம், வெட்கமில்லாமல், சுகமாக இருந்தது. பிறகு மார்பின்மேல் ஒரு கால் மடங்கியது. இன்னொன்று. வயிற்றில். முழங்காலில். அவனைச் சுருட்டி நடுவில் வைத்துக்கொண்டது.

அசையக் கூடாது.

வாசலில் சாவி திரும்பியது.

"அண்ணா? தூங்கறியா?"

கத்தாதே. அங்கேயே நில். குரல் வரவில்லை.

"அய்யோ, அண்ணா!"

கால்கள் இறுகின. பிடரியில் நக்குவது நின்றது.

அதன் வாய் திறந்தது.