மழை தெரியும் அறை

"ஏங்க, மலை எங்கங்க? நான் கேட்டது மலை! ஜன்னலத் தொறந்தா மளையில்ல பெய்யுது!"

மத்திய ஆசியாவில், இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்த ஒரு நகரத்தில், ஓட்டல் வரவேற்பறையில், இப்படி ஒரு தமிழ்க் குரல்! சோபாவில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

நல்ல உயரம். மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்ட முடி. கோபத்திலும் சிரிக்க மறக்காத கண்கள்... ஒரு மனிதனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்கள்? அவள் இரண்டு நொடி அதிகமாகவே பார்த்துவிட்டாள்.

மூன்றாவது நொடியில்தான் காதில் உறைத்தது. மளையா? இந்த 'மளை'யை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாளே!

அவள் வேலை பார்ப்பது ஒரு டிராவல்ஸ் ஆபீசில், ஓட்டல் புக்கிங் பிரிவில். ஆபீசில் அவளுக்கு 'ரூம் ராணி' என்று பெயர். மூன்று வருடமாக அவள் போட்டுக் கொடுத்த ரூமில் தலையணைகூட மாறியதில்லை என்று முதலாளியே பெருமைப்படுவார். அந்த நம்பிக்கையில்தான் அவளை இந்த ஊருக்கே அனுப்பி வைத்திருந்தார். நான்கு நாளில் பன்னிரண்டு ஓட்டல் பார்க்க வேண்டும். எல்லாம் நடுத்தரம், அதாவது கையையும் கடிக்கக் கூடாது, மூட்டைப்பூச்சியும் கடிக்கக் கூடாது. லிப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாம் குறித்துக்கொண்டு போனால், இந்த ஊர்ப் பொறுப்பு முழுக்க இனி அவளுக்குத்தான்.

ராணிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாராவது 'ழ'வைக் கொன்றால் பொறுக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, "வாளைப்பளம் சாப்பிடும்மா" என்ற முதலாளியிடம், "வாழைப்பழம் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவள். மூளை தடுப்பதற்குள் வாய் திருத்திவிடும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் போனில் பேசிய பல் டாக்டரையும் அப்படித்தான் திருத்தினாள். பின்னால் ஏதோ மெஷின் 'ஙொய்ங்' என்று யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்தது.

"ஏளாம் தேதி வர்றோம். நானும் அப்பாவும்."

"ஏழாம் தேதி சார்."

"அதான். அப்பாவுக்கு முட்டி வலி, லிப்ட் கண்டிப்பா வேணும். காலையில பளம் ஏதாவது..."

"பழம் சார்."

"சரிங்க டீச்சர்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "ரொம்ப முக்கியம், ஜன்னல்லேர்ந்து மலை தெரியணும்..."

ஙொய்ங்...

'மளை' என்கிறான் பாவம் என்று அவளே முடிவு கட்டினாள். "மழை தெரியணும். குறிச்சுக்கிட்டேன் சார்."

மெஷின் சத்தத்தில் அவனுக்கு இந்தத் திருத்தம் கேட்கவில்லை போலும். மழை பார்க்க ஜன்னல் கேட்கிறானே, எவ்வளவு அழகான மனசு என்று உருகி, 'மழை தெரியும் அறை, மிக மிக முக்கியம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டு இந்த ஓட்டலுக்கு அனுப்பி வைத்தாள்.

இப்போதுதான் புரிந்தது, அவன் அன்று 'மளை' என்று சொல்லவே இல்லை. ஒழுங்காக 'மலை' என்றுதான் சொல்லியிருக்கிறான். கெடுத்தது அவள்!

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன் வைத்தார். பிறகு தன் போனில் ஏதோ பேசினார். போன் அதை மொழிபெயர்த்து, உணர்ச்சியே இல்லாத தமிழில் அறிவித்தது.

"ஐயா. நீங்கள் மழை கேட்டீர்கள். எங்களிடம் உள்ள சிறந்த மழையைக் கொடுத்தோம்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். அப்போதுதான் அவன் பின்னால் நாற்காலியில் இருந்த பெரியவரை அவள் பார்த்தாள். காலுக்கு நடுவில் கைத்தடி. முகத்தில் பயணக் களைப்பு.

"விடுடா," என்றார் அவர். "மலை இல்லன்னா என்ன, வந்தவரைக்கும் சந்தோஷம்."

"எப்படிப்பா விடறது? இதுக்காகத்தானே வந்தோம்?" அவன் சுற்றிலும் பார்த்தான். தமிழ் புரிகிற முகம் ஒன்று சோபாவில் இருப்பது கண்ணில் பட்டதோ இல்லையோ, கொட்டித் தீர்த்துவிட்டான். "நீங்களே சொல்லுங்க. எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் ஐஸ் பேக்டரியில நின்னவரு. அந்தக் குளிர்லதான் முட்டி போச்சு. யாரும் செய்யாத ஐஸை ஒரு தடவையாவது பாக்கணும்பாரு. மலை ஏற முடியாது, கார்ல ரொம்ப நேரம் உக்கார முடியாது. ரூம் ஜன்னல்லேர்ந்து பாத்தாதான் உண்டு. மூணாம் நாள் காலையில ப்ளைட். ஓட்டல்ல வேற ரூமே இல்லையாம். அந்த டிராவல்ஸ்ல ஒரு பொண்ணுங்க... பேச்செல்லாம் தேன். பண்ணின வேலையப் பாத்தீங்களா?"

அந்தத் தேன் அவளுக்குக் கசந்தது. 'அந்தப் பொண்ணு நான்தான்' என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல்! ஆனால் மூன்று வருடத்து ராணிப் பட்டம் வாயைப் பொத்தியது. புகார் ஆபீசுக்குப் போனால் இந்த ஊர்ப் பொறுப்பும் போகும், பேரும் போகும்.

"என் ரூம் மலைப் பக்கம்தாங்க," என்றாள் கீழே பார்த்தபடி. "நாம மாத்திக்கலாம்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? எந்த ரூம்?"

"அறுநூத்தி ஏழு."

அவன் அவளையே பார்த்தான். பெரிய கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாயின. நன்றியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க இங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்றான் மெதுவாக.

"சும்மா... ஊர் பாக்க."

"ஓ... ஊர் பாக்க," என்று தலையாட்டினான்.

ரூம் மாறியது. மலைதான் வரவில்லை. அறுநூற்று ஏழின் ஜன்னலில் வெறும் சாம்பல் நிறம். வானம் எது, மேகம் எது, மலை எங்கே என்று ஒன்றும் தெரியாமல் அன்று பகல் முழுக்க மழை.

அந்த மழை அவளுடைய புது அறையில் வேறு மாதிரி இருந்தது. அந்த அறையின் ஜன்னல் ஓட்டலின் உள்முற்றத்தைப் பார்த்தது. முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை. கூரை விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் சரம் சரமாக இறங்கியது. நடுவில் ஒற்றை மரம். மேலே தண்ணீர் நெளிய நெளிய, முற்றமே நீருக்கடியில் இருப்பதுபோல் வெளிச்சம் அசைந்தது. அவள் வாய் பிளந்து நின்றாள். நூற்றுக்கணக்கான பேருக்கு நூற்றுக்கணக்கான ஜன்னல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஜன்னலில்கூட அவள் நின்றதில்லை. உலகம் இப்படியெல்லாம் இருக்கிறதா? தான் செய்த தப்புக்குள் இவ்வளவு அழகு இருந்ததை நினைத்தபோது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

மறுநாளும் மேகம் விலகவில்லை. காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் பெரியவர் அவளைப் பார்த்ததும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"வாம்மா, இங்க உக்காரு. உன் ரூம வாங்கிட்டு உன்ன மளையில தள்ளிட்டோம்."

மகனுக்கு அந்த 'ள' எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. 'மழை' என்று நுனிநாக்குவரை வந்ததை அவசரமாக ரொட்டியோடு சேர்த்து விழுங்கினாள். திருத்தினால் மாட்டிக்கொள்வாளே!

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு விஷமமாக ஆரம்பித்தான். "முட்டை நல்லா இருக்கு. ஆனா பளம் கொஞ்சம் அளுகிப் போச்சு."

அவள் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊர்க் கிளவிங்க எல்லாம் எவ்ளோ அளகு, பாத்தீங்களா?"

"நீங்க பல் டாக்டர்தானே?" என்றாள் தாங்க முடியாமல். "ஊரு நாக்கையெல்லாம் பாக்கறீங்க. உங்க நாக்க ஒரு நாள் கண்ணாடியில பாக்கக் கூடாதா?"

"நான் பல் டாக்டர்னு உங்ககிட்ட சொன்னேனா என்ன?"

அவளுக்கு முகம் வெளுத்தது. "அ... அப்பா சொன்னாரு."

பெரியவர் மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஆமா ஆமா, சொல்லியிருப்பேன்," என்று டீயை ஊதினார்.

"அப்பா," என்றான் அவன், "ஊருக்குப் போனதும் அந்த டிராவல்ஸ் பொண்ணு மேல ஒரு கம்ப்ளைன்ட் எழுதிப் போடட்டுமா?"

"அட போடா. ஏதோ கை தவறிச் செஞ்சிருக்கும். நேர்ல பாத்தா, நல்லா இரும்மான்னுதான் சொல்லுவேன். அது இல்லன்னா இந்த வயசுல நான் ப்ளைட் ஏறியிருப்பேனா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவளுக்கு ரொட்டி இறங்கவில்லை. சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று மூன்று ஓட்டல் பார்த்தாள். குறிப்பில் என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸில், தெருவில், லிப்டில் எல்லாம் ஒரே வேண்டுதல். நாளைக் காலையாவது அந்த மனிதருக்கு மலை தெரியட்டும்.

மூன்றாம் நாள், விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. வெளியே அவன். மூச்சு வாங்கியது. படியில் ஓடி வந்திருக்கிறான்.

"வாங்க. அப்பா உங்களையும் கூப்பிடறாரு. சீக்கிரம்!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

அறுநூற்று ஏழின் திரைச்சீலைகள் முழுக்க விலகியிருந்தன. மழை நின்று, மேகம் கலைந்து... அவள் முதலில் கீழேதான் பார்த்தாள். மலை அங்கே இல்லை. கண்ணை உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். மேகம் இருக்க வேண்டிய உயரத்தில், வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று நின்றது மலை! இரண்டு நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறது, இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பெரியதாக. முதல் வெயில் பட்டு உச்சி மட்டும் இளஞ்சிவப்பாகச் சிவந்துகொண்டிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைகள் தாமாகக் குவிந்தன.

பெரியவர் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தார். கைத்தடி கட்டிலில் கிடந்தது.

"டேய்," என்றார், குரல் நடுங்க. "ஒரு மணி நேரம் கரண்ட் போனா எங்க ஐஸெல்லாம் தண்ணியாப் போயிடும்டா. இதுக்கு யாருடா கரண்ட் குடுக்கறா?"

அவன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெரிய கண்கள் நிறைந்து வழிந்ததை அவன் மறைக்கவும் இல்லை.

அவ்வளவு பெரிய மலைக்கு முன்னால் தன் ராணிப் பட்டம் எத்தனை சின்னது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இனியும் மறைக்க முடியாது.

"நான்தாங்க," என்றாள். "அந்த டிராவல்ஸ் பொண்ணு நான்தான். நீங்க மலைன்னு சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மழைன்னு திருத்தி எழுதிட்டேன். வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயம்... திமிரு... ரெண்டும்தான். மன்னிச்சிடுங்க. கம்ப்ளைன்ட் எழுதிக்குங்க."

பெரியவர் திரும்பவில்லை. மலையைப் பார்த்தபடியே, "நல்லா இரும்மா," என்றார்.

அவன் போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். அதில் அவளுடைய ஆபீஸ் நம்பர். மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்து.

ழ.

"ஆறு வாரமா இப்படித்தான் இருக்கு," என்றான். "நீங்க 'அறுநூத்தி ஏழு'ன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்படி ஒரு ஏளு இந்த உலகத்துல ஒருத்தர்தான் சொல்லுவாங்க."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லணும்னு வீம்பு. அப்புறம், தப்பு என் நாக்கு மேலயும்தானே? நான் ஒளுங்காப் பேசறவனா இருந்தா, நீங்க எதுக்குத் திருத்தப் போறீங்க?" அவன் தயங்கினான். சிவந்த உச்சியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "போன்ல கேட்டப்பவே... அந்த டீச்சரம்மா ஒரு தடவ எதிர்ல வந்து நிக்கமாட்டாங்களான்னு இருந்துச்சு. இங்க வந்து நின்னுட்டீங்க. ஒரே ஊர்லதான் இருக்கோம். அங்க ஒரு நாளும் பாக்கல. இவ்ளோ தூரம் வந்து... எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சம்மதிச்சா... உங்ககூடவே வாளணும்."

"வாழணும்," என்றாள் அவள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வழக்கம்போல் வாய் முந்திக்கொண்டுவிட்டது. முகம் அந்த மலை உச்சியைவிடச் சிவந்தது.

"இப்ப திருத்தினீங்களா..." அவன் குரல் ரகசியமாக இறங்கியது. "இல்ல, பதில் சொன்னீங்களா?"

வெளியே டாக்சியின் ஹார்ன் கேட்டது. யாரும் அசையவில்லை. அவள் தலை நிமிர்த்தி, முதல் தடவையாக அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்தாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து, திருத்துவதற்காக இல்லாமல் தனக்காகவே சொன்னாள்.

"உங்ககூட... வாழணும்."