பென்டிரைவுக்குள் பன்னிரண்டு கதைகள்

பொடியனுக்கு வயது ஐந்து. அந்த ஐந்து வயதுக்கு அவனுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அப்பா வருவதற்குள் அவன் தூங்கிவிடுகிறான்.

அப்பா என்றால் வாசல் வழியாக வருகிற அப்பா இல்லை. அவர் கப்பலில் சமையற்காரர். கிளம்பினால் எட்டு மாதம் கடல்தான். அதனால் போவதற்கு முன்பு வீட்டு லேப்டாப்பின் எதிரே உட்கார்ந்து, பன்னிரண்டு கதைகளை வீடியோவாகப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கரண்டிதான் ராஜா. வடிகட்டிதான் ராணி. ஓட்டைக் கையுறை ஒன்று மந்திரி. ஒவ்வொரு கதை முடிந்ததும் அப்பா முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "என்ன பொடியா, தூங்கிட்டியா?" என்று கேட்பார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கதை என்பது ஏற்பாடு. ஆனால் அந்த லேப்டாப் இருக்கிறதே, அது ஆமைக்கு அண்ணன். பொத்தானை அமுக்கினால் உறுமும், பெருமூச்சு விடும், ஒரு வட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டும். முன்கூட்டியே போட்டு வைக்கவும் வழியில்லை. பாட்டரி செத்துப்போயிருந்தது. வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக்கில் சாப்பாட்டு நேரம் வரைக்கும், ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளுக்காக, அம்மாவின் தையல் மெஷின் ஓடும்.

அப்பா "ஒரு ஊர்ல..." என்று வாயைத் திறக்கும்போது பொடியனும் வாயைத் திறந்திருப்பான், குறட்டை விடுவதற்காக. கடைசியில் அப்பா கேட்கும் கேள்விக்கு அக்காதான் பதில் சொல்வாள். "தூங்கிட்டான்ப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடுவாள்.

அக்காவுக்கு வயது பதினொன்று. எதையும் முழுசாகக் கேட்பதற்குள் அவள் கை முந்திவிடும். அதனால் வீட்டில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். செல்லமாக, முந்திரி.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பொடியன் கேட்டான். "அக்கா, அப்பாவுக்கு எம்மேல கோவமா?"

"ஏன்டா?"

"நான் முழிச்சிருக்கும்போது வரவே மாட்டேங்கிறாரே."

அன்று மாலையே முந்திரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"பாப்பா, இதோட காலம் முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்கச் சொல்லு."

புதுசுக்கு எங்கே போவது? திரும்பும் வழியில் நூலகத்துக்குள் நுழைந்து, அங்கே வேலை பார்க்கும் அக்காவிடம் முறையிட்டாள்.

"லினக்ஸ் போட்டுப் பாரேன்" என்றார் நூலக அக்கா. "கம்ப்யூட்டரை இயக்குற மென்பொருள் அது. பழைய மெஷின்ல கூட நல்லா ஓடும். எங்கெங்கேயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்னு விட்டிருக்காங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். ஆனா ஒண்ணு. முதல்ல உள்ள இருக்கிறதையெல்லாம் வேற எதுலயாவது பத்திரமா எடுத்து வச்சுக்கோ."

முந்திரி எடுத்து வைத்தாள். வீட்டில் இருந்த ஒரே பென்டிரைவில், சிவப்பு மூடி போட்டது, பன்னிரண்டு கதைகளையும் ஏற்றினாள்.

"அப்பா கதை போயிடாதே?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

"போகாதும்மா. என்னை நம்பு."

சனிக்கிழமை காலை நூலகத்துக் கம்ப்யூட்டரில் லினக்ஸை இறக்கி, அதே சிவப்புப் பென்டிரைவைச் செருகி அதில் ஏற்றினாள். திரையில் ஒரு பெட்டி எழும்பி ஏதோ கேட்டது. நூலகம் மூட ஐந்து நிமிடம்தான் இருந்தது. படிக்க ஏது நேரம்? 'ஆம்' என்பதைத் தட்டினாள். வேலை முடிந்தது.

மதியம் அம்மா பெரிய மனசு பண்ணி மெஷினின் ஒயரைப் பிடுங்கினாள். "ஒரு மணி நேரம் தர்றேன். அதுக்கு மேல போச்சுன்னா, திங்கக்கிழமை பிள்ளைங்க காலர் இல்லாத சட்டையோடதான் ஸ்கூலுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு, பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

முந்திரி பென்டிரைவைச் செருகி லேப்டாப்பைப் போட்டாள். உறுமல் இல்லை, பெருமூச்சு இல்லை. பச்சை மலை படம் போட்ட புதுத்திரை ஒன்று வந்தது. என்ன மொழி என்று கேட்டது. தமிழ் என்றாள். அதுவும் சமர்த்தாகத் தமிழுக்கு மாறியது. இது பென்டிரைவிலிருந்து ஓடும் வெள்ளோட்டம்தான். பிடித்திருந்தால் லேப்டாப்புக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

பிடித்துவிட்டது. 'நிறுவு' என்பதைத் தட்டினாள். ஒவ்வொரு கேள்வியாக வந்தது. கடைசியில்: 'லேப்டாப்பில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவலாமா?'

முந்திரியின் விரல் கிளம்பிவிட்டது.

"அக்கா! அப்பா இப்ப எங்க இருக்கார்?" என்றான் பொடியன்.

"பென்டிரைவ்ல. பத்திரமா இருக்கார்."

"காட்டு."

"அப்புறம் காட்டுறேன்டா. கொஞ்சம் இரு."

"வடிகட்டி ராணியை மட்டும் காட்டுக்கா. ஒரே ஒரு தடவை."

வேறொரு நாளாக இருந்தால் முந்திரி 'ஆம்' என்று தட்டிவிட்டுத்தான் திரும்பியே பார்த்திருப்பாள். ஆனால் பொடியனின் கீழுதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. பல் தேய்க்கும்போது அவன் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. விரலை மடக்கிக்கொண்டாள்.

"சரி வா, காட்டுறேன்."

பென்டிரைவைத் திறந்தாள். ராணி இல்லை. ராஜாவும் இல்லை. வாயில் நுழையாத பெயர்களோடு ஏதேதோ இருந்தன. மேலும் கீழும் தேடினாள். அப்பா இல்லவே இல்லை.

அப்போதுதான் நூலகத்தில் எழும்பிய அந்தப் பெட்டி கண்முன் வந்தது. 'இந்தப் பென்டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். சம்மதமா?' சம்மதம் என்று சொன்னதும் இவள்தானே!

அம்மாவுக்குத் தெரியாமல் எப்படியாவது சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்தான். எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஊசி நின்றது.

"பென்டிரைவ்ல இருந்த கதையெல்லாம் போச்சும்மா. படிக்காம ஆம்னு தட்டிட்டேன். லேப்டாப்ல மட்டும் இன்னும் இருக்கு. பொடியன் கேக்கலைன்னா அதையும் அழிச்சிருப்பேன்." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "சரி, அழாதே. இப்ப என்ன பண்ணணும்? அதைச் சொல்லு."

முந்திரி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "உன் போன்ல ஏத்தலாம்மா. இந்தத் திரையிலிருந்தே லேப்டாப்புக்குள்ள பார்க்க முடியும். ஆனா போன்ல இடம் வேணும்."

போனில் இடமா? அதில் அம்மா பார்த்து ரசித்த காலர் மாடல்கள் ஆயிரத்து எண்ணூறு இருந்தன. போதாததற்குச் சட்டைப் பை வீடியோக்கள் வேறு. அம்மா ஒவ்வொன்றாக அழித்தாள். நடுவில் கை தயங்கியது.

"வட்டக் காலர் மட்டும் இருக்கட்டுமே?"

"அம்மா! வட்டக் காலரா, அப்பாவா?"

"அப்பாதான், அப்பாதான்" என்று சிரித்துக்கொண்டே வட்டக் காலரையும் அழித்தாள்.

கதைகள் போனுக்குள் போய்ச் சேர்ந்தன. முந்திரி இந்தத் தடவை நம்பவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து, அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் மூடினாள். பொடியன் விரல் விட்டு எண்ணினான். பத்தோடு அவன் விரல் தீர்ந்துபோகவே, அம்மாவிடம் இரண்டு விரல் கடன் வாங்கினான்.

"பன்னெண்டு!"

அதற்குப் பிறகு திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் முந்திரி உரக்கப் படித்தாள். "படிச்சிட்டியா?" என்று பொடியன் கேட்டான். "படிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகே தட்டினாள். ஒரு நீலக் கோடு மெதுவாக நீண்டு மறுமுனையைத் தொட்டது.

போனில் இருந்த கதைகளை மறுபடியும் லேப்டாப்பில் ஏற்றி முடிக்கும்போது ஒரு மணி நேரம் இரண்டாகியிருந்தது. அம்மா காலரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் முந்திரி பொத்தானை அமுக்கினாள். பொடியன் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எதிரே அப்பா! வாய் அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அப்பா ஊமையாயிட்டாரா?" பொடியன் பதறிப்போனான்.

முந்திரி அவசரப்படவில்லை. திரையை மூலை மூலையாகப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் குட்டி ஒலிபெருக்கிப் படம். அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. அதைத் தட்டினாள்.

"...அந்தக் கரண்டி ராஜாவுக்குத் தினமும் ஜலதோஷம்!" என்று அப்பாவின் குரல் வீட்டை நிறைத்தது.

ராஜா தும்மினார். மந்திரி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். வடிகட்டி ராணி ராஜாவின் தும்மலை வடிகட்டியதும் பொடியன் உருண்டு உருண்டு சிரித்தான். அம்மா கையில் இருந்த சட்டையை வைத்துவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

கதை முடிந்தது. அப்பா முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

"என்ன பொடியா, தூங்கிட்டியா?"

பழக்கதோஷத்தில் பதில் சொல்ல வாயெடுத்த முந்திரி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் பொடியன். "முழிச்சிட்டுத்தான் இருக்கேன்!"