டிரைவர் இல்லாத கணினி

தையல் அத்தைக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டையின் பின்பக்கத்தில் பொத்தானைத் தைத்துவிட்டு, தானே சிரித்துக்கொண்டு பிரித்தார்.

அத்தைக்குக் காது கேட்காது. கைகளால்தான் பேசுவார். மாடி வீட்டு மிளகு, நடக்கப் பழகியதே அந்தத் தையல் கடையில்தான். அதனால் சைகை மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆள் பொடிசு, பேச்சு காரம் என்பதால் அவளுக்கு மிளகு என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

அத்தையின் பரபரப்புக்குக் காரணம் இருந்தது. தூரத்து ஊரில் இருக்கும் அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. "பாப்பாவுக்குச் சைகைப் பேரு நீதான் வைக்கணும் அக்கா" என்று தங்கை சொல்லியிருந்தாள். சைகைப் பெயர் என்றால் கையாலேயே கூப்பிடுகிற பெயர். குழந்தையின் முகத்தை, சிரிப்பை, அழுகையைப் பார்க்காமல் அதை எப்படி வைப்பது? அதற்காகத்தான் இன்று சாயங்காலம் தங்கை வீடியோவில் வருகிறாள்.

அதற்காகத்தான் அத்தை ஒரு பழைய கணினியும் வாங்கியிருந்தார். ஓர் அலுவலகத்தில் ஓடிய கணினி. அதில் லினக்ஸ் இருந்தது. பள்ளிக் கணினி அறையிலும் அதுதான் என்பதால் மிளகுக்குப் பழக்கம். படம் வந்தது, பாட்டு வந்தது, கேமராவில் அத்தையின் முகமும் வந்தது. இணையம் மட்டும் வரவில்லை.

'நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை' என்றது திரை.

மிளகின் அப்பா பஸ் ஓட்டுபவர். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எட்டிப் பார்த்தார்.

"அதுவே இல்லைன்னு சொல்லுதே. கார்டு செத்துப்போயிருக்கும்."

"செத்துப்போச்சா, இல்ல அதோட பேச இதுக்குத் தெரியலையான்னு பாக்கணும்ப்பா. ஒவ்வொரு கார்டோடயும் பேசறதுக்கு ஒரு குட்டி புரோகிராம் வேணும். அதுக்குப் பேரு டிரைவர். அது இல்லைன்னா, கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"டிரைவர்தானே வேணும்? நான் இருக்கேனே!"

மிளகு அப்பாவின் தொப்பையைப் பார்த்தாள். "நீங்க உள்ள நுழைஞ்சா கம்ப்யூட்டர் தாங்காதுப்பா. போனை மட்டும் குடுங்க."

"எதுக்கு இவ்வளவு பாடு? இந்த போன்லயே தங்கச்சியைக் கூப்பிட்டுடலாமே?"

மிளகு அதைச் சைகையில் சொன்னதும் அத்தை வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினார். மிளகு அவர் கைகளைப் பார்த்து எடுத்துச் சொன்னாள். "ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையால பேசறதா? நீங்க பாதி வாயை மூடிக்கிட்டுப் பேசுவீங்களான்னு கேக்கறாங்க."

அப்பா சட்டென்று போனைக் கொடுத்துவிட்டார். "கிளம்பற வரைக்கும்தான்!"

கணினி வந்த அட்டைப்பெட்டியில் நெட்வொர்க் கார்டின் பெயர் அச்சாகியிருந்தது. மிளகு போனில் அதைத் தேடி, அதற்கான டிரைவரை இறக்கி, ஒயர் வழியாகக் கணினிக்கு மாற்றினாள். கணினி கடவுச்சொல் கேட்டது. அத்தை தட்டினார். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள்.

'நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை.'

மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே பல்லவி.

"விடு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றன அத்தையின் கைகள். ஆனால் அவர் கண்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

அப்போது ஓர் அம்மா கோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேராக மிளகிடம், "பாப்பா, இதோட கையைக் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு இவங்களைக் கேளு" என்றார்.

"அவங்க உங்க எதிர்லதானே இருக்காங்க? அவங்களைப் பாத்தே கேளுங்க. நான் கையால சொல்றேன்."

அந்த அம்மா கொஞ்சம் வெட்கத்துடன் அத்தையின் பக்கம் திரும்பினார். அத்தை அளவு நாடாவை எடுத்தார். வேலை கடகடவென்று முடிந்தது.

அவர் போன பிறகு மிளகின் பார்வை அட்டைப்பெட்டிக்குப் போனது. பிறகு தலையில் தட்டிக்கொண்டாள்.

"நானும் அதையேதான் பண்ணியிருக்கேன்! பெட்டியைக் கேட்டேன். கம்ப்யூட்டரைக் கேக்கவே இல்லை!"

அவள் கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். கட்டளைகளைத் தட்டும் இடம் அது. உள்ளே என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று கேட்கும் கட்டளை பள்ளியில் கற்றது. எல், எஸ், பி, சி, ஐ. ஓர் இடைவெளி, ஒரு கோடு, இரண்டு என், ஒரு கே.

மளமளவென்று வரிகள் ஓடின. படத்துக்கான கார்டு, அதன் கீழே அதன் டிரைவர். ஒலிக்கான கார்டு, அதன் கீழே அதன் டிரைவர். கடைசியில் நெட்வொர்க் கார்டு. அதன் கீழே டிரைவர் இல்லை. வெறும் இடம்.

"இருக்கு அத்தை! உயிரோடதான் இருக்கு!"

கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண். பெயரைப் பெட்டியோடு ஒப்பிட்டாள். வேறு! முன்பு யாரோ கார்டை மாற்றியிருக்கிறார்கள். பெட்டிக்கு அது எப்படித் தெரியும்?

"அப்ப, இத்தனை நேரமும் நாம கூப்பிட்டது அதுக்குக் கேக்கவே இல்லையா?" என்று அத்தை கேட்டார்.

"ஆமா அத்தை."

"அது என் கட்சி!" என்று அத்தை கைகொட்டிச் சிரித்தார்.

"மிளகு! நேரமாச்சு! பஸ்ஸுல உக்காந்திருக்கிறவங்க என்னை உரிச்சுடுவாங்க!" வாசலில் அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"இதோப்பா, எண்ணை வச்சுத் தேடிட்டேன். இறங்கிட்டிருக்கு... இறங்கிடுச்சு!"

புதிய டிரைவர் கணினிக்கு மாறியதும் போன் அப்பாவின் கைக்குப் போனது. ஆனால் அப்பா போகவில்லை. ஷூவை மாட்டுகிற சாக்கில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மீண்டும் கடவுச்சொல்லைத் தட்டினார். கணினி அணைந்து, மெல்ல விழித்தது.

மூலையில் சின்ன விசிறி போல ஒரு படம். அதைத் தொட்டதும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக விழுந்தன. 'மாடி வீடு', 'மூன்றாம் கதவு', 'என்னைக் கேட்காதே.'

"வந்துடுச்சு!" என்று முதலில் கத்தியது அப்பாதான். கத்திக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

'மாடி வீடு' மிளகின் வீடு. இணைத்த சிறிது நேரத்தில் திரையில் தங்கை வந்தாள். அவள் மடியில் துணிப் பொட்டலம் போல ஒரு குழந்தை.

அத்தையின் இரண்டு கைகளும் பறந்தன. எத்தனை கேள்வி! தங்கை பதில் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை ஒரு தும்மல் போட்டது. தன் தும்மலுக்குத் தானே பயந்து, இறுக்கி மூடியிருந்த கையை ஐந்து விரலும் விரியத் திறந்தது.

அத்தையின் கைகள் நின்றன. கண்கள் பளபளத்தன. மெல்ல, தன் கன்னத்தின் ஓரத்தில் விரல்களை மூடி, சட்டென்று விரித்தார்.

"அதுதான் பேரா?" என்று மிளகு கேட்டாள்.

அத்தை தலையசைத்தார்.

தங்கை குழந்தையின் முகத்துக்கு நேராக அதையே செய்து காட்டினாள். தூக்கத்தில் சொக்கியிருந்த குழந்தை கண்ணை அகலத் திறந்து பார்த்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்காமல் இருக்குமா?